ஜெபம் வறண்டுபோனால் விசுவாசம் போய்விட்டது என்று பொருளா?

காட்பாடியிலிருந்து எழுதியிருக்கும் சகோதரி கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் திருத்தட்டும். அவர் வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் ஐக்கியத்திலும் வளர்ந்து, திடப்படுத்தல் பெற்றவர். ஒரு வருடத்துக்கு மேலாக ஜெபிக்க உட்கார்ந்தால் உள்ளே எதுவும் எழும்புவதில்லை. வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்தாகத் தெரிகிறது. ஆராதனையில் வாய் மட்டும் பாடுகிறது. ஜெபக்குழுவில் மனம்விட்டுச் சொன்னபோது, மறைவான பாவம் ஏதோ இருக்கும், அதை அறிக்கையிட்டு மூன்று நாள் உபவாசம் இருங்கள் என்றார்கள். இருந்தும் மாற்றமில்லை. தகுதியில்லை என்று எண்ணி, ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டார். விசுவாசத்தைப் புதுப்பிக்க வழி என்ன, அபிஷேகம் அதிகம் என்று சொல்லப்படும் வேறு சபைக்குப் போகலாமா, இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ஆனால் அந்த மூன்றுக்கும் அடியில் அவர் எழுதாத கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?

என்னைப் பற்றி இரண்டு வரி. வட ஆற்காட்டுக் கிராமச் சபைகளிலும் பிறகு வேலூர் நகரத்திலும் ஆயராக இருந்து ஓய்வுபெற்றவன். மதுரை அரசரடியில் இறையியல் படித்தேன். பணிக்காலத்தின் ஒரு பகுதியில் நோயாளிகளின் கட்டிலருகே நின்று ஜெபிப்பதே என் வேலையாக இருந்தது. அங்கே நோயாளிகளைவிடச் செவிலியர்கள்தான் இந்தக் கேள்வியோடு என்னிடம் அதிகமாக வந்தார்கள். ஆனால் நான் மருத்துவன் அல்லன். முகம் பார்க்காமல், சில வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய உள்ளத்தை நிர்ணயித்துச் சொல்லும் உரிமையும் எனக்கில்லை. ஆகவே எது உறுதியானது, எது என் கணிப்பு, எதில் பெரியவர்களே வேறுபடுகிறார்கள் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். உணர்வு வற்றிப்போவது விசுவாசம் போய்விட்டதற்கு அடையாளம் ஆகாது. இதற்கு வேதத்தின் ஜெபப் புத்தகமே சாட்சி. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே தொடங்குகிறது. 63ஆம் சங்கீதத்தில் தாவீது யூதாவின் வனாந்தரத்தில் இருந்துகொண்டு, வறண்டதும் விடாய்த்ததும் தண்ணீரற்றதுமான நிலத்திலே தன் ஆத்துமா தேவன்மேல் தாகமாயிருக்கிறது என்கிறார். இவையாவது கடைசியில் துதியை எட்டிவிடுகின்றன. 88ஆம் சங்கீதம் அதையும் எட்டுவதில்லை. சிநேகிதரும் தோழரும் தூரமாய்ப் போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற இடத்தில் அது அப்படியே நின்றுவிடுகிறது. எஸ்ராகியனாகிய ஏமான் பாடியது என்று தலைப்பு சொல்கிறது. விசுவாசமற்றவன் பாட்டு என்று அதை ஒதுக்காமல், ஆலயத்தில் பாடவேண்டிய பாட்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். அந்தச் சங்கீதம் முழுவதிலும் வெளிச்சமான வரி ஒன்றே ஒன்றுதான், அது முதல் வரி: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே." ஏமானிடம் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான், இன்னும் அவரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக ஒன்றும் கிடைக்காத ஒருவரிடம் இன்னும் எப்படிப் பேசுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிடமும் அது மிஞ்சியிருக்கிறது.

திருச்சபையின் வரலாற்றில் இதைப் பற்றி மிகக் கவனமாக எழுதியவர்களில் ஒருவர், ஸ்பெயின் நாட்டுத் துறவியான சிலுவை யோவான் (1542–1591). 1577இல் தம் சொந்தத் துறவற சபையினராலேயே பிடிக்கப்பட்டு, தொலேடோ நகரில் ஒரு சிற்றறையில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர். நாம் சீர்திருத்தத் திருச்சபையின் வழிவந்தவர்கள் என்பதற்காக அவரை ஒதுக்கவேண்டியதில்லை. வறட்சி வரும்போது அது ஆண்டவருடைய கையிலிருந்து வருகிறதா, நம் அசட்டையால் வருகிறதா, உடல் மனச் சோர்வால் வருகிறதா என்று பிரித்தறிய அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். ஆண்டவருடைய காரியங்களில் சுவை இல்லாததுபோலவே உலகக் காரியங்களிலும் சுவை இல்லாதிருப்பது ஒன்று. நான் பின்வாங்கிப்போகிறேனே, ஆண்டவருக்கு ஊழியம் செய்யாமல் இருக்கிறேனே என்ற வேதனை விடாமல் அரித்துக்கொண்டிருப்பது இரண்டாவது. முன்போல் மனத்தில் காட்சிகளை எழுப்பித் தியானிக்க முயன்றாலும் முடியாமற்போவது மூன்றாவது. இவற்றில் இரண்டாவதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். அனலுமின்றிக் குளிருமின்றி வெதுவெதுப்பாகிப்போனவருக்கு இந்த வேதனை இருக்காது; அவர் இப்படியொரு கேள்வியை எழுத உட்காரவும் மாட்டார்.

ஆனால் பாவம் வறட்சிக்குக் காரணமாகவே இருக்காதா என்றால், அப்படிச் சொல்வது நேர்மையாகாது. 32ஆம் சங்கீதத்தில் தாவீது தன் அக்கிரமத்தை அடக்கிவைத்திருந்த நாட்களைப் பற்றி, தன் சாரம் உஷ்ணகால வறட்சிபோல வறண்டுபோயிற்று என்கிறார். வேலூரின் சித்திரை, வைகாசி வெயிலைக் கண்டவர்களுக்கு அந்த வரியை விளக்கவேண்டியதில்லை. எனவே உங்கள் ஜெபக்குழுவினர் கேட்ட கேள்வி கேட்கத்தகாதது அன்று. அவர்கள் நின்ற இடம்தான் தவறு. பிறவிக் குருடனைப் பார்த்ததும் இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு அந்தக் கணக்கையே மறுத்தார். என் பணியனுபவத்தில் நான் பின்பற்றிய வழி இது: ஆண்டவர் உணர்த்தும்போது காரியத்தைப் பெயர் சொல்லி உணர்த்துகிறார். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவின் பாவத்தை உணர்த்த வந்தபோது, உன்னிடம் ஏதோ இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்றான். எந்தச் செயல், யாருக்கு விரோதமாக என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியுமானால் அதை அறிக்கையிட்டு, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். அப்படி ஒன்றும் தெரியாமல், நான் மொத்தமாகவே கெட்டவள் என்ற மூட்டமான குற்றவுணர்வு மட்டும் இருந்தால், அதை நோண்டிக்கொண்டிருக்கவேண்டாம். இல்லாத பாவத்தைத் தேடித் தேடி நல்ல விசுவாசிகள் நொறுங்கிப்போனதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த மூட்டமான குற்றவுணர்வே வேறொன்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்து கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமை, தூக்கமும் பசியும் மாறிப்போவது, கவனம் நிலைக்காதது, தகுதியற்றவள் என்ற எண்ணம், செத்துப்போனால் தேவலை என்ற நினைவு: இவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள் என்று செவிலியருக்கு நான் சொல்லத்தேவையில்லை. ஆனால் வார்டில் அடுத்தவரிடம் உடனே கண்டுபிடிக்கிறதைத் தம்மிடத்தில் காணத் தவறுவது மருத்துவத் துறையினரிடம் நான் பலமுறை கண்டது. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும்கூட இதுபோன்ற சோர்வைத் தரும். மாறி மாறி வரும் இரவுப் பணி தூக்கத்தைக் கெடுத்து மனத்தையும் கெடுக்கும். ஆகவே இந்தப் பதிலில் உள்ள மற்றதற்கெல்லாம் முன்பாக ஒரு மருத்துவரைப் பாருங்கள். பாகாயம் மனநல மையம் உங்களுக்குத் தொலைவில் இல்லை. உடன் பணிசெய்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தால், அரசின் 14416 என்ற மனநலத் தொலைபேசி உதவியில் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிய நினைவு வந்துகொண்டிருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியா தீர்க்கதரிசியின் கதையை அவர்களுக்கு வாசித்துக்காட்டுங்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றவனிடம், தேவதூதன் ஒரு வசனமும் சொல்லவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான், எலியா தூங்கினான், மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று ஆண்டவர் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்தான். இந்த நிலையில் உபவாசத்தையும் நிறுத்திவையுங்கள்.

இனி நான் சொல்லப்போவது என் கணிப்பு, பொருந்தாவிட்டால் தள்ளிவிடுங்கள். உங்கள் கேள்வியின் நடுவில், போகிறபோக்கில், அப்பா தவறிய வருடத்திலிருந்து இப்படி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சபையே கூடி ஜெபித்ததாகவும், அந்தப் புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று அட்டையில் உங்கள் கைக்கு வந்த வாக்குத்தத்த வசனமும் சுகத்தைப் பற்றியதுதான் என்றும் எழுதிவிட்டு, உடனே அடுத்த வரியில் வேறு காரியத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை நானும் எத்தனையோ டிசம்பர் 31 இரவுகளில் நடத்தியவன். வருடத்தின் வாசலில் ஒரு வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவது நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு தட்டிலிருந்து எடுத்த அட்டையை, இன்னாருக்கு இன்ன நோயிலிருந்து இந்த வருடம் விடுதலை என்று ஆண்டவர் கையெழுத்திட்டுக் கொடுத்ததாக யாரும் நம்பவைக்கக் கூடாது. வசனம் பொய்யாகவில்லை, அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள் உடைந்தது. உடைந்தபோது உங்களுக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள், அழாதே, ஆண்டவரிடம்தானே போயிருக்கிறார் என்று சொல்லிவிடுகிறோம். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது, நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கப்படவேண்டாம் என்பது. துக்கமே படவேண்டாம் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

பெத்தானியா ஊரில் நடந்ததைத் திரும்ப வாசியுங்கள், யோவான் 11. லாசரு வியாதியாயிருந்தபோது சகோதரிகள் ஆள் அனுப்பினார்கள். இயேசு கேள்விப்பட்டும் இரண்டு நாள் அங்கேயே தங்கினார். அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாள். மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொன்ன முதல் வார்த்தை வாழ்த்தும் அல்ல, துதியும் அல்ல: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." சற்று நேரத்தில் மரியாளும் வந்து அதையே சொன்னாள். அந்த வீட்டில் அந்த நாலு நாளும் இதே வாக்கியத்தைத்தான் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நான் எப்போதும் எண்ணிக்கொள்வேன். இயேசு இருவரில் ஒருவரையும் கண்டிக்கவில்லை. மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளிடம் அதுகூட இல்லை, அவரே கண்ணீர் விட்டார். எரேமியா தீர்க்கதரிசி இன்னும் தூரம் போகிறார்: நீர் எனக்கு நம்பப்படாத ஊற்றைப்போலவும் வற்றிப்போகிற தண்ணீரைப்போலவும் இருப்பீரோ என்று ஆண்டவரின் முகத்துக்கு நேராகவே கேட்கிறார். வற்றிப்போனது நானா நீரா என்று கேட்ட அந்த மனிதனைத்தான் ஆண்டவர் தம் வாயாக வைத்துக்கொண்டார்.

நீங்கள் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்பாவின் கட்டிலருகே நின்று, மானிட்டரில் அளவுகள் இறங்குவதன் பொருள் மற்ற எல்லாருக்கும் முன்பாக உங்களுக்குத் தெரிந்திருந்தும், சுற்றி நின்று ஸ்தோத்திரம் சொன்னவர்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னீர்கள். பிறகு ஒரு வருடமாக, அந்தக் கேள்வியை மட்டும் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அவரிடம் பேச முயன்றுகொண்டிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் இருக்கும் இருவருக்கிடையே பேசாத பெரிய காரியம் ஒன்று இருந்தால், சாப்பாடு ஆயிற்றா என்பதற்குமேல் பேச்சு வளராது. உங்கள் ஜெபம் அங்கேதான் அடைபட்டிருக்கிறது என்பது என் எண்ணம். எனவே ஒருநாள், பணியில்லாத நாளாகப் பார்த்து, தனியே உட்கார்ந்து அதைச் சொல்லுங்கள். ஜெபத் தமிழில் வேண்டாம். வீட்டில் பேசும் தமிழிலேயே, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். சொல்ல வராவிட்டால் எழுதுங்கள். எழுத வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, ஆமென் சொல்லி எழுந்துவிடுங்கள். உடனே சமாதானம் வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். சிலருக்கு அழுகை வந்தது, சிலருக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் பொய்யில்லாத ஒரு ஜெபம் அன்றைக்கு நடந்தது.

அன்றாட ஜெபத்துக்கு வருகிறேன். நீண்ட நாள் பட்டினி கிடந்த நோயாளிக்கு ஒரேயடியாக முழுச் சாப்பாடு கொடுக்கமாட்டார்கள், கொடுத்தால் ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். அதுபோலவே இப்போது ஒரு மணி நேர ஜெபம், வருடத்தில் முழு வேதம் என்று தீர்மானங்கள் எடுக்கவேண்டாம். மிகச் சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் பிறர் வார்த்தைகளில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் சபைகளில், குறிப்பாகக் கன்வென்ஷன் கூட்டங்கள் பெருகிய காலத்திலிருந்து, சொந்த வார்த்தையில், கண்ணீரோடு, உரத்த குரலில் செய்வதுதான் ஜெபம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கண்ணீர் வராத நாளில் ஜெபமே செய்யவில்லை என்று நாம் கணக்கெழுதிக்கொள்கிறோம். அப்படிச் செய்யும் ஜெபம் மேலானதுதான், வரும்போது. வராத காலத்துக்கென்று திருச்சபை வேறொரு வழியைக் காத்துவைத்திருக்கிறது. 1853இல் அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் தொடங்கியபின் இந்தப் பகுதியில் உருவான கிராமச் சபைகளில், எழுத்தறியாத விசுவாசிகளுக்கு உபதேசிமார் கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்து முடித்த மூதாட்டிகளை என் ஊழியத்தின் தொடக்கத்தில் நான் கண்டேன். நாற்று நட்டுவிட்டு வந்து, சோர்வில் கண் சொருகச் சொருக, பரமண்டல ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் படுப்பார்கள். இன்றைக்கு ஜெபத்தில் என்ன உணர்ந்தேன் என்ற கேள்வியே அவர்களுக்கு எழுந்ததில்லை. அவர்களுடைய விசுவாசம் நம்முடையதைவிடக் குறைந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

உங்கள் பணிநேரத்துக்கு ஏற்றபடி ஒன்று சொல்கிறேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்க முடியவில்லையே என்று வருந்தியிருந்தீர்கள்; இரவு முழுவதும் விழித்துப் பிறர் உயிரைக் காத்தவருக்கு அதிகாலை என்பது படுக்கும் நேரம். 134ஆம் சங்கீதம் மூன்றே வசனங்கள். இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் ஊழியக்காரரை நோக்கிப் பாடப்பட்டது, அதாவது இரவுப் பணியில் நிற்கிறவர்களுக்கானது. பணி ஒப்புக்கொள்ளும் முன் அதை ஒருமுறை சொல்லுங்கள். காலையில் பஸ் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடிப் பக்கம் வரும்போது கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுங்கள். பாலம் முடிவதற்குள் முடிந்துவிடும். சுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவ்வளவு மட்டும். சுவை இருக்கிற நாளில் கூட்டிக்கொள்ளலாம். வேத வாசிப்புக்கு, விளக்கம் தேடாமல், மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பத்தி போதும். எதுவுமே முடியாத இரவில், ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாத நமக்காக ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8:26ஐ அப்படியே நம்பிவிட்டுத் தூங்குங்கள்.

திருவிருந்தை நிறுத்தியதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது. அபாத்திரமாய், அதாவது தகுதியற்ற விதமாய், புசிக்கிறதைப் பற்றிக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய எச்சரிக்கையை நம் மக்கள் மிகுந்த பயத்தோடு கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அந்த அதிகாரத்தைச் சற்று முன்னிருந்து வாசித்தால் காரியம் தெளிவாகும். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியாயிருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதைத்தான் பவுல் கண்டித்தார். உள்ளத்தில் உருக்கம் இல்லாதவர்கள் வரவேண்டாம் என்று அவர் எழுதவில்லை. எடுத்துப் புசியுங்கள் என்ற கட்டளைக்குக் கையை நீட்டினால் போதும், உணர்வு எவ்வளவு இருக்கிறது என்று அங்கே யாரும் அளப்பதில்லை. வரும் ஞாயிறே போய் முழங்கால்படியிடுங்கள். அன்றைக்கு விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல நா எழாவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். நாலு பேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரனைக் குணமாக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். கிடந்தவன் என்ன நம்பினான் என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. விசுவாசத்தை நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சுமக்கவேண்டிய பாரமாக நினைப்பதுதான் இந்த வறட்சியில் பாதிக்குமேல் வலியைத் தருகிறது. சில காலம் நம்மைச் சபை சுமக்கிறது, சில காலம் நாம் பிறரைச் சுமக்கிறோம்.

அதனால்தான் வேறு சபைக்குப் போகும் எண்ணத்தை இப்போது தள்ளிவைக்கச் சொல்கிறேன். பெந்தெகொஸ்தே சபைகளின்மேல் எனக்குக் குறையில்லை. அங்கே போய் மெய்யாகவே உயிர்ப்பு பெற்றவர்களை அறிவேன். ஆனால் மனம் இருண்டிருக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானங்களை மாற்றவேண்டாம் என்று இயேசு சபையைத் தொடங்கிய துறவி லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த நெறி, என் அனுபவத்தில் பிழைபோனதில்லை. திருமணம், வேலை, வெளிநாட்டுப் பணி போன்றவற்றுக்கும் இது பொருந்தும். தோமாவைப் பாருங்கள்: உயிர்த்தெழுந்தவரைக் காணாமல் விசுவாசிக்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லியும், எட்டு நாளைக்குப்பின் அவர் மற்றச் சீஷர்களோடுதான் இருந்தார், அங்கேதான் ஆண்டவர் வந்தார். வெளிச்சம் திரும்பியபின்னும் போகத் தோன்றினால், அப்போது ஆயரிடம் சொல்லிவிட்டுச் சமாதானமாகப் போகலாம். ஜெபக்குழுவைப் பொறுத்தவரை, குற்றம் தேடுகிறவர்களிடமிருந்து சில மாதம் விலகியிருப்பதில் தவறில்லை. ஆலோசனை சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் போதும். உங்கள் மருத்துவமனையில் ஆன்ம ஆலோசகர் இருந்தால் அவரையும் பார்க்கலாம்.

ஆண்டவர் ஏன் இதை அனுமதிக்கிறார் என்பதில்தான் பெரியவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. நம் விசுவாசத்தை உணர்வின் ஊன்றுகோலிலிருந்து விடுவித்துப் பக்குவப்படுத்துகிறார் என்று சிலுவை யோவானின் வழிவந்தவர்கள் சொல்வார்கள். இஞ்ஞாசியார் மூன்று காரணங்களைத் தருகிறார்: நம் அசட்டை; ஆண்டவர் நம்மைச் சோதித்தறிதல்; ஆறுதல் என்பது நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று அவர் கற்பித்தல். இழப்பினால் வந்த வறட்சிக்கு இப்படியொரு நோக்கத்தைக் கற்பிக்க நான் தயங்குகிறேன். உங்களுக்குப் பாடம் புகட்டுவதற்காக உங்கள் அப்பாவை எடுத்துக்கொண்டார் என்று யாரும் சொல்ல இடங்கொடுக்காதீர்கள். எவ்வளவு காலம் என்பதற்கும் அளவு இல்லை. சில மாதங்களில் மெல்லத் திரும்பி வந்தவர்கள் உண்டு. கல்கத்தாவின் அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர் உள்ளத்தில் ஆண்டவரின் பிரசன்னத்தை உணராமலே வாழ்ந்தார் என்று உலகம் அறிந்தது. அவ்வளவு நீளும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உணராத அந்த வருடங்களிலும் அவர் கைகள் யாரையும் விட்டுவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். நீங்களும் விட்டுவிடவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத இரவுகளிலும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தீர்கள், வாய் துடைத்தீர்கள், மருந்தைச் சரிபார்த்தீர்கள். வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று மத்தேயு 25இல் சொன்னவர், விசாரித்தபோது நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டதாக எழுதியில்லை.

கடைசியாக, அம்மாவிடம் சொல்லலாமா என்ற கேள்வி. அவர் மனம் தாங்காது, மகள் பின்வாங்கிவிட்டாள் என்று கலங்குவார் என்று அஞ்சுகிறீர்கள். உங்கள் அம்மாவை நீங்கள்தான் அறிவீர்கள், ஆகையால் தீர்ப்பு உங்களுடையது. ஆனால் அவரும் அதே கட்டிலருகே நின்றவர், அதே அட்டையை வாசித்தவர். பெத்தானியாவில் இரண்டு சகோதரிகளும் தனித்தனியாக ஒரே வாக்கியத்தைச் சொன்னதுபோல, உங்கள் வீட்டின் இரண்டு அறைகளிலும் ஒரே கேள்வி பேசப்படாமல் இருக்கக்கூடும். என் விசுவாசம் போய்விட்டது என்று தொடங்காதீர்கள். அது உண்மையும் அல்ல. குடும்ப ஜெபத்தில் ஒருநாள் யோவான் 11ஐ வாசியுங்கள். வாசித்து முடித்து, அப்பாவுக்காக நாம் ஜெபித்ததைப் பற்றி உங்களுக்கு என்னம்மா தோன்றுகிறது என்று கேளுங்கள். அவர் பேசினால், குறுக்கே வசனம் சொல்லாமல் கேளுங்கள். பேசாவிட்டால் அன்றைக்கு வற்புறுத்தவேண்டாம். அடுத்த மாதம் இன்னொருமுறை கேட்கலாம்.